கிளெக் ஜெயித்துக் கொடுத்த கோப்பை

ராய்ஸ்டன் கிளெக் ரெம்ஸ்டேல் டவுன் கால்பந்துக் கழகத்தை வாங்கிய அன்று, மில் லேன் மைதானத்தின் நடுவில் நின்றுகொண்டு, "நான் சின்ன வயசுலேர்ந்தே இந்த டீமோட வெறியன்" என்று நிருபர்களிடம் சொன்னார். அப்போது அவர் கழுத்தில் நீல மஃப்ளர் இருந்தது. ரெம்ஸ்டேலின் நிறம் கருஞ்சிவப்பு. நீலம், ஆறு மைல் தள்ளியிருக்கும் கார்ஸ்விக்கின் நிறம். ரெம்ஸ்டேல்காரன் நீலச் சட்டையில் கல்யாணத்துக்குக்கூடப் போகமாட்டான். யாரோ காதில் கிசுகிசுத்ததும் கிளெக் மஃப்ளரைச் சுருட்டிக் கோட்டுப் பைக்குள் திணித்துவிட்டு, சொன்னதையே இன்னும் சத்தமாக ஒருமுறை சொன்னார்.

பக்கத்தில் நின்ற டீன் ஹாலிவெல் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு சிரிப்பை அடக்கினான். அவன்தான் அணியின் கேப்டன். முப்பத்தாறு வயது. பகலில் வீடு வீடாகப் போய் கேஸ் பாய்லர் ரிப்பேர் செய்வான். வாரத்தில் இரண்டு சாயங்காலம் பயிற்சி, சனிக்கிழமை ஆட்டம். ரெம்ஸ்டேல் ஆடியது இங்கிலாந்துக் கால்பந்தின் ஏழாவது அடுக்கில். அங்கே பந்தை மட்டும் நம்பி யாரும் சாப்பிட முடியாது. கோல்கீப்பர் வெல்டர், முன்னால் ஆடுபவன் கசாப்புக்கடைக்காரன். டீன் பதினெட்டு வயதில் அந்தக் கருஞ்சிவப்புச் சட்டையைப் போட்டான், அப்புறம் கழற்றவேயில்லை. அந்தப் பதினெட்டு வருடத்தில் ரெம்ஸ்டேல் ஒருமுறைகூட மேல் அடுக்குக்குப் போனதில்லை. இரண்டு தடவை கீழே விழப் பார்த்துத் தப்பியது, அவ்வளவுதான் சரித்திரம்.

கிளெக்கின் தொழில் வெந்நீர்த் தொட்டி விற்பது. வீட்டுக் கொல்லையில் வைத்து, நுரை கிளம்பும் சுடுதண்ணீரில் ஆறு பேர் உட்கார்ந்து குடிக்கிற தொட்டி. ரெம்ஸ்டேல் இருக்கும் லங்காஷயரில் வருடத்தில் பாதி நாள் மழை பெய்கிறது. அதற்குள்ளே உட்கார்ந்து நனைய இவரிடம் பணம் கொடுத்துத் தொட்டி வாங்க அத்தனை பேர் இருந்தார்கள் என்பதை டீனால் கடைசிவரை நம்ப முடியவில்லை. கழகம் கைக்கு வந்ததும் கிளெக் செய்த முதல் காரியம், மூலைக்கொடிக்குப் பக்கத்தில் அப்படி ஒரு தொட்டியைக் கொண்டுவந்து இறக்கியது. 'முக்கிய விருந்தினர் இருக்கை' என்று அதற்கு ஒரு பெயர்ப்பலகை வேறு. சனிக்கிழமை தோறும் நாலைந்து தொப்பைக்காரர்கள் ஜட்டியோடு அதில் இறங்கி, கையில் ஷாம்பெயினோடு ஆட்டம் பார்த்தார்கள். பார்த்தார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஆவியில் அவர்களுக்கு எதிரே இருப்பவன் மூக்கே தெரியாது.

அப்போது பயிற்சியாளர் ரோனி தோர்ப். அறுபதைத் தாண்டியவர். பேச்சு குறைவு, பேசினால் பாதி திட்டு. ஆனால் ஆட்டத்தைப் படிக்கத் தெரிந்த மனிதர். அந்த வருடம் அணி ஒரு மாதிரி கூடி வந்துவிட்டது. அக்டோபரில் மூன்றாவது இடத்தில் இருந்தார்கள்.

அந்த நிலையில்தான் ஒரு சனிக்கிழமை பந்து தொட்டிக்குள் விழுந்தது. ஆட்டம் ஒன்றுக்கொன்று சமம், கடைசி நிமிடங்கள், வெளியே போன பந்தை உள்ளே எறியும் முறை ரெம்ஸ்டேலுடையது. எதிரணி இன்னும் தன் இடத்துக்குத் திரும்பவில்லை. சட்டென்று எறிந்தால் கோல். தொட்டிக்குள்ளிருந்த ஒரு கார் வியாபாரி பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "இருப்பா, ஒரு போட்டோ எடுத்துக்கிறேன்" என்றான். ரோனி ஓடினார். பூட்ஸோடு, கோட்டோடு தொட்டிக்குள் இறங்கினார், பந்தைப் பிடுங்கினார். பிடுங்கிய வேகத்தில் வியாபாரியும் ஷாம்பெயினும் தண்ணீருக்குள் போனார்கள். ரோனி எறிந்து கொடுத்த பந்தில் ரெம்ஸ்டேல் கோல் போட்டு ஜெயித்தது. அன்று சாயங்காலமே கிளெக் அவரை வேலையை விட்டு நீக்கினார்.

"விருந்தாளியை அவமானப்படுத்தறவன் என் கம்பெனில ஒரு நிமிஷம்கூட இருக்க முடியாது" என்றார் உடைமாற்றும் அறையில், எல்லோர் முன்னாலும்.

"இது கம்பெனி இல்ல, மிஸ்டர் கிளெக். கால்பந்து டீம்" என்றான் டீன்.

"எல்லாமே கம்பெனிதான் தம்பி. இனிமே நானே மேனேஜர். ஜெயிக்கிறதும் விக்கிறதும் ஒண்ணுதான், எனக்கு ரெண்டும் தெரியும்."

ஒன்றைப் பற்றிக்கூட அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை. சந்தேகப்படுவதற்கும் கொஞ்சம் விஷயம் தெரிந்திருக்க வேண்டும் இல்லையா.

அவர் நடத்திய பயிற்சியை ரெம்ஸ்டேலில் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள். வட்டமாக நிற்கவைத்து, ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து, "நான் சிங்கம்" என்று கத்தச் சொல்லுவார். கசாப்புக்கடைக்காரன் முனகியபடியே கத்துவான். ஆஃப்சைடு என்றால் என்னவென்று கிளெக் டிசம்பர் வரை தெரிந்துகொள்ளவில்லை. அதற்கப்புறம் தெரிந்துகொண்டார் என்பதற்கும் சாட்சி இல்லை.

ஆனால் அணி ஜெயித்துக்கொண்டே இருந்தது. காரணம் எளிது. பயிற்சி முடிந்ததும் ஆட்டக்காரர்கள் நேரே வீவர்ஸ் பப்புக்குப் போனார்கள். அங்கே ஓரத்து மேஜையில் ரோனி உட்கார்ந்திருப்பார். உப்புக் குப்பி, வினிகர் பாட்டில், பீர் டம்ளர் எல்லாவற்றையும் ஆட்களாக வைத்து சனிக்கிழமை ஆட்டத்தை நகர்த்திக் காட்டுவார்.

"இந்த வினிகர் பாட்டில் யாரு?" என்று கேட்டார் ஒருநாள்.

"நான்தான் பாஸ்" என்றான் டீன்.

"அப்ப ஏன் உருளைக்கிழங்குத் தட்டுல நிக்கிற? உன் எடத்துக்குப் போ."

கிளெக்கை யாரும் 'பாஸ்' என்று கூப்பிட்டதில்லை. அவர் எவ்வளவோ ஜாடையாகச் சொல்லிப் பார்த்தார். 'மிஸ்டர் கிளெக்'தான்.

சனிக்கிழமை என்ன செய்வது என்பதுதான் பிரச்சினையாக இருந்தது. ரோனி மைதானத்துக்குள் வரக்கூடாது என்று கிளெக் வாசலில் ஆள் போட்டிருந்தார். அதற்கு வழி செய்தவர் ஐரீன் ஹிண்டில். புருஷன் போய்ப் பல வருடமான பெண்மணி. அவர் வீட்டு மாடிப் படுக்கையறை ஜன்னலிலிருந்து மைதானம் முழுக்கத் தெரியும். "வாய்யா, வந்து உக்காந்து பாரு. டீ நான் போடறேன். ஊர் பேசினா பேசிட்டுப் போகட்டும், எனக்கும் ரொம்ப நாளா யாரும் எதுவும் பேசல" என்றாராம். ஊர் பேசத்தான் செய்தது. ஆனால் ஜன்னலில் சிவப்புத் துண்டு தொங்கினால் மேலே ஏறி ஆடு, வெள்ளைத் தலையணை உறை தொங்கினால் பின்னால் இறங்கிக் காப்பாற்று என்று டீனுக்குத் தெரியும். டீன் கையை ஆட்டினால் மற்றவர்களுக்குத் தெரியும். கோட்டோரத்தில் நின்று கிளெக் எதையாவது கத்துவார். "சண்டை போடுங்கடா!" "மனசு வைங்கடா!" அணி அழகாக மேலே ஏறும். அவர் திரும்பித் தொட்டிக்காரர்களைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்துவார்.

"அந்தப் பொம்பளைக்குப் பைத்தியமா? கொட்டற மழையில துணி காயப்போடுது" என்று ஒருமுறை டீனிடம் கேட்டார்.

"வயசாயிடுச்சில்ல, மிஸ்டர் கிளெக்" என்றான் டீன், முகத்தில் ஒன்றும் தெரியாமல்.

மார்ச்சுக்குள் ஊருக்குப் பித்துப் பிடித்துவிட்டது. நேற்றுவரை மில் லேன் எந்தப் பக்கம் என்று கேட்டால் தெரியாதென்று போனவர்களெல்லாம் புது மஃப்ளரோடு வந்து நின்றார்கள். பதினெட்டு வருடம் டீனுக்கு வணக்கம் சொல்லாத வங்கிக்காரர், தெருவில் பிடித்து நிறுத்தி, "நம்ம கிளெக் மாதிரி ஒரு ஆள் முன்னாடியே வந்திருக்கணும்பா" என்றார். உள்ளூர் ரேடியோ கிளெக்குக்கு 'மந்திரவாதி' என்று பட்டம் கொடுத்தது. டீன் வீட்டுக்கு வந்து அந்த நிகழ்ச்சியை மனைவி லோரெய்னிடம் நடித்துக் காட்டுவான். அவள் சிரிப்பாள், பிறகு கோபப்படுவாள்.

"நீங்கள்லாம் சேந்து அந்த ஆளைப் பெரிய மனுஷனாக்கிட்டிருக்கீங்க. தெரியுதா?"

"மேல போகணும் லோரெய்ன். ஒருதடவை. யாரு பேரு போட்டா என்ன?"

"நாளைக்கு இதே வாய் மாத்திப் பேசும் பாரு" என்றாள்.

கடைசி ஆட்டம் மில் லேனிலேயே, கார்ஸ்விக்கோடு. அவர்கள் முதலிடம், ரெம்ஸ்டேல் இரண்டாவது. ஜெயித்தால் ரெம்ஸ்டேல் மேலே. சமமானால்கூட கார்ஸ்விக் மேலே. அந்த வாரம் யாரோ ஒரு புது மஃப்ளர்க்காரன் பப்பில் போதையேறி, துண்டு ரகசியத்தைச் சிரித்துக்கொண்டே கிளெக்கிடம் உளறிவிட்டான். சனிக்கிழமை காலையில் ஐரீன் வீட்டு ஜன்னலுக்கு நேர் எதிரே, மைதானச் சுவரின் மேல், இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு விளம்பரத் தட்டி முளைத்திருந்தது. தட்டி முழுக்கக் கிளெக்கின் முகம். பல்லெல்லாம் தெரியச் சிரிப்பு. போதாததற்கு உடைமாற்றும் அறையில் ஒரு வாளியை வைத்து, 'மனம் சிதறக்கூடாது' என்று எல்லோர் போனையும் அதில் போடச் சொன்னார்.

கார்ஸ்விக்கின் இடது ஓரத்தில் செம்பட்டைத் தலைக்காரன் ஒருவன். இருபது வயதிருக்கும், காற்று மாதிரி ஓடினான். டீன் அவனை முதல் தடவை விட்டது தற்செயல் என்று நினைத்தான். இரண்டாம் தடவை காலை நீட்டினான். பையன் அந்தக் காலைத் தாண்டியபோது டீன் இன்னும் திரும்பிக்கொண்டிருந்தான். மூன்றாம் தடவை கோல். கார்ஸ்விக் கூட்டம் டீனின் பெயரைச் சொல்லி, ராகம் போட்டு, "தாத்தா, தடி எங்க தாத்தா" என்று கத்தியது. அவன் பழக்கத்தில் ஜன்னல் பக்கம் பார்த்தான். கிளெக் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்.

இடைவேளையில் ஒருவரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. வெல்டர் கையுறையைக் கழற்றி மாட்டினான், மறுபடி கழற்றினான். மாற்று ஆட்டக்காரன் ஜுனைத் ரஹீம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பார்சல் வேன் ஓட்டுகிறவன் ஜுனைத். ரெம்ஸ்டேலிலேயே அந்தச் செம்பட்டைத் தலையோடு சரிக்குச் சரி ஓடக்கூடியவன் அவன் ஒருத்தன்தான். அது அறையில் எல்லோருக்கும் தெரியும். கிளெக்குக்கு மட்டும் தெரியாது. அவர், தோட்டமே இல்லாத நாலாவது மாடிக்காரனுக்குத் தொட்டி விற்ற கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"...அவன் வேணாம்னான். நான் விட்டேனா? மறுபடி பெல் அடிச்சேன்! அதான் மனசு! இப்ப போய் அவங்க பெல்லை அடிங்கடா!"

ரோனி இருந்தால் என்ன செய்திருப்பார் என்று யோசிக்க வேண்டிய தேவையே இல்லை. வினிகர் பாட்டிலை எடுத்துப் பக்கத்து மேஜையில் வைத்திருப்பார். பதினெட்டு வருடம் காத்திருந்த ஆட்டத்தின் பாதி இன்னும் பாக்கியிருந்தது. அவன் எழுந்தான்.

"மிஸ்டர் கிளெக், என்னை எடுத்துடுங்க. ஜுனைத் இறங்கட்டும்."

கிளெக் அவனை ஏறிட்டுப் பார்த்தார். "மேனேஜர் யாரு? நீயா, நானா?"

"நீங்கதான். ஆனா அந்தப் பையனை என்னால பிடிக்க முடியல."

"துண்டு பாத்து ஆடினது போதாதா உங்களுக்கு? இன்னிக்கு இங்க யாரும் எனக்குச் சொல்லித் தரவேண்டாம். நீதான் ஆடற. பேச்சு முடிஞ்சுது."

டீனுக்கு ஒரு கணம், அந்த ஒரே கணம், நிம்மதியாக இருந்தது. கேட்டாயிற்று, மறுத்துவிட்டார், இனி தோற்றால் தன் தலையில் இல்லை. பிறகு ஜுனைத்தின் கால் படபடவென்று ஆடிக்கொண்டிருப்பதைப் பார்த்தான். பூட்ஸ் கயிறு இறுக்கிக் கட்டியிருந்தது.

டீன் சிரித்தான். நன்றாகச் சத்தம் போட்டு.

"பாத்தியாடா?" என்றான் வெல்டரிடம். "நான் சொல்லல? இவருக்கு என்னை எடுக்கத் தைரியம் வராதுன்னு? ஊரே சொல்லுது, டீமை நடத்தறது ஹாலிவெல்தான், கிளெக் வெறும் கோட்டு மாட்டின பொம்மைதான்னு."

வெல்டர் ஒரு நொடி முழித்தான். அப்புறம் அவன் முகத்தில் புரிந்தது தெரிந்தது. "ஆமா கேப்டன். ரேடியோல கூட நேத்து அப்படித்தான் பேசிக்கிட்டாங்க" என்றான், பொய் கொஞ்சமும் கூசாமல்.

கிளெக்கின் கழுத்து சிவந்தது. சிவப்பு மேலே ஏறிக் காது வரை போனது.

"உக்காரு!" என்று கத்தினார். "உக்காருடா! கைல கட்டியிருக்கறதை அவுரு! யாரு டீமை நடத்தறான்னு ஊருக்கு இப்பக் காட்டறேன். ஏய், நீ, பேரென்ன, ஜுபைர்..."

"ஜுனைத்."

"அதான். எழுந்திரு. எறங்கு!"

டீன் கேப்டன் பட்டையை அவிழ்த்து வெல்டர் கையில் கட்டினான். வெல்டர் அவன் மணிக்கட்டை ஒரு முறை அழுத்தினான்.

இரண்டாம் பாதியை டீன் ஓரத்துப் பெஞ்சில், மழைக்கோட்டைப் போர்த்திக்கொண்டு பார்த்தான். செம்பட்டைத் தலைக்காரன் முதல் ஓட்டம் ஓடினான். ஜுனைத் கூடவே ஓடி, பந்தை மட்டும் நறுக்கென்று எடுத்தான். இரண்டாவது ஓட்டத்திலும் அப்படியே. மூன்றாவதுக்குப் பையன் பந்தையே கேட்கவில்லை. மெல்ல மெல்ல ஆட்டம் ரெம்ஸ்டேல் பக்கம் சாய்ந்தது. மூலையிலிருந்து வந்த பந்தைக் கசாப்புக்கடைக்காரன் தலையால் முட்டிச் சமன் செய்தான். ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது ஜுனைத் தன் பக்கத்தில் பந்தைப் பறித்தான். கொடுப்பான் என்று எல்லோரும் பார்த்திருக்க, அவன் கொடுக்கவில்லை, ஓடினான். மைதானத்தின் நீளம் முழுக்க ஓடி, குறுக்கே தட்டிவிட்டான். கசாப்புக்கடைக்காரன் விழுந்துகொண்டே முழங்காலால் தள்ளினான். அசிங்கமான கோல். மில் லேன் அதைப்போல அழகான ஒன்றைப் பார்த்ததில்லை.

டீன் எழுந்து நின்றான். கத்தினானா என்று அவனுக்கு நினைவில்லை. விசில் ஊதியதும் கூட்டம் வேலியைத் தாண்டி ஓடியது. புது மஃப்ளர்கள் அவனை இடித்துத் தள்ளிக்கொண்டு போயின. ஒருவன் அவனிடமே, "கொஞ்சம் தள்ளு தாத்தா" என்றான்.

கோப்பையைக் கொடுக்க வந்தவர் வெல்டரிடம் நீட்டினார். வெல்டர் திரும்பி டீனைத் தேடினான். தேடிய அந்த நேரத்துக்குள் கிளெக் புகுந்து கோப்பையை வாங்கி, தலைக்குமேல் தூக்கி, அப்படியே ஓடிப்போய் ஒட்டகக் கம்பளிக் கோட்டோடு வெந்நீர்த் தொட்டிக்குள் குதித்தார். மறுநாள் பத்திரிகையில் அந்தப் படம்தான். ஓரத்தில் மழைக்கோட்டு போட்ட யாரோ ஒருவரின் தோள் தெரியும். அது டீன்.

"என் வாழ்க்கையிலேயே எடுத்த பெரிய முடிவு அது" என்று கிளெக் தண்ணீர் சொட்டச் சொட்டப் பேட்டி கொடுத்தார். "கேப்டனைத் தூக்கினேன். பாவம், அவனால தாங்க முடியல, அறையில பெரிய சண்டை. ஆனா மேனேஜர்னா கல்லு மனசு வேணும்."

வீவர்ஸ் பப்பில் ரோனி அவனுக்காகக் காத்திருந்தார். பக்கத்தில் ஐரீன். இருவரும் ஒன்றும் பார்த்திருக்கவில்லை. தட்டியின் பின்பக்கத்தைப் பார்த்தபடி சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"உன்னை எடுத்தது யாரு?" என்றார் ரோனி.

"கிளெக்."

"அந்த ஆளுக்குப் பந்து உருண்டையா சதுரமான்னே தெரியாது. யாருடா எடுத்தது?"

டீன் பீரைப் பார்த்தான். வெல்டர்தான் எல்லாவற்றையும் சொன்னான். ரோனி, "நானா இருந்தா இருபதாவது நிமிஷமே எடுத்திருப்பேன்" என்றார்.

"தெரியும் பாஸ்."

"பாதி ஆட்டம் வீணாப் போச்சு."

"அதான் சொல்றேன், தெரியும்."

ரோனி எழுந்துபோய் அவனுக்கு இன்னொரு பீர் வாங்கி வந்தார். அவர் யாருக்கும் பீர் வாங்கிக் கொடுத்து ரெம்ஸ்டேலில் யாரும் பார்த்ததில்லை. ஐரீன்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஜூனில், டீன் ஒரு வீட்டில் பாய்லரைக் கழற்றிப் போட்டுவிட்டு மல்லாந்து படுத்திருந்தபோது கிளெக்கிடமிருந்து போன் வந்தது. அடுத்த வருட ஒப்பந்தம் இல்லையாம். "தப்பா எடுத்துக்காத தம்பி. நீ ரொம்ப மெதுவாயிட்ட. கார்ஸ்விக் ஆட்டத்துலயே நான் கண்டுபிடிச்சுட்டேன்."

டீன் சிரிக்க ஆரம்பித்தான். நிறுத்த முடியவில்லை. வீட்டுக்காரம்மா சமையலறைக்கு ஓடிவந்து, கேஸ் கசிகிறதா என்று கேட்டாள்.

சாயங்காலம் லோரெய்னிடம் சொன்னபோது சிரிப்பு வரவில்லை. அவள் தட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"பத்திரிகைக்குப் போன் பண்ணு. நடந்ததைச் சொல்லு."

"யாரு நம்புவா?"

"நான் சொல்றேன். என்னை நம்புவாங்க."

"வேணாம்" என்றான். கொஞ்சம் பொறுத்து, "நான் ஆடியிருக்கணும் லோரெய்ன். கடைசி விசில் வரைக்கும் உள்ள நின்னிருக்கணும்னு இருக்கு" என்றான். அதை அவன் வேறு யாரிடமும் சொல்லவில்லை. அவள் அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

மேல் அடுக்கில் ரெம்ஸ்டேல் வரிசையாக எட்டு ஆட்டம் தோற்றது. கிளெக் முதலில் நடுவரைக் குறை சொன்னார், பிறகு புல்லை, பிறகு ஆட்டக்காரர்களின் மனசை. கிறிஸ்துமஸுக்கு முன்னால் கழகத்தை விற்றுவிட்டு, பக்கத்து மாவட்டத்தில் ஒரு ரக்பி அணியை வாங்கினார். அதற்கும் அவர் சின்ன வயதிலிருந்தே வெறியராம். புது முதலாளிகள் ரோனியைத் தேடி வந்தபோது, அவரும் ஐரீனும் கடலோர ஊரான பிளாக்பூலுக்குக் குடிபோயிருந்தார்கள்.

ரெம்ஸ்டேலில் இன்று யாரைக் கேட்டாலும் கிளெக்கைக் கரித்துக்கொட்டுவார்கள். திட்டி முடித்ததும் ஒன்று சொல்வார்கள்: "என்ன இருந்தாலும் அன்னிக்கு ஹாலிவெலைத் தூக்கினான் பாரு, அது மட்டும் மேதை வேலைய்யா." டீன் இருக்கும் மேஜையிலும் சொல்லியிருக்கிறார்கள், அவன் முகத்தைப் பார்த்தே. போன மாதம் அந்த வங்கிக்காரர் சொன்னார்.

"ஆமா, நல்ல முடிவு" என்றான் டீன்.

லோரெய்ன் மேஜைக்கு அடியில் அவன் காலை ஓங்கி மிதித்தாள். பிறகு வங்கிக்காரரைப் பார்த்து, "அது சரி, நீங்க அன்னிக்கு மைதானத்துல எந்தப் பக்கம் நின்னீங்க? நாங்க பாக்கவே இல்லையே" என்று கேட்டாள். அவர் இருமிக்கொண்டே கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பினார்.